பழைய ஃபியட் வாங்கப் போகிறீர்களா? பானட்டைக் கடைசியாகத் திறங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் பானட்டைத் தூக்குவது. விற்கிறவரும் அதற்காகத்தான் காத்திருப்பார். "ஒரே ஸ்டார்ட் சார், பாருங்க" என்று சாவியைத் திருப்புவார். இன்ஜின் டக்கென்று பிடித்துக்கொள்ளும். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்த மாதிரி.

ஒரு வருஷத்துக்குள் மூன்று நண்பர்கள் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: பழைய பத்மினி ஒன்று விலைக்கு வருது, எதைப் பார்த்து வாங்கணும்? மூவருக்கும் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்து இங்கே போடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. மென்பொருள் வேலை. பழைய வண்டிகளின் மேனுவல் படிப்பதும், பட்டறையில் டிங்கரிங் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதும் பொழுதுபோக்கு.

எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பழைய வண்டியில் இருக்கிற குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லக்கூடிய குறை ஒன்று. யாராலும் சொல்ல முடியாத குறை இன்னொன்று. இன்ஜின் முதல் வகை. லேத்துக்காரரிடம் போனால் ரீபோருக்கு இவ்வளவு, பிஸ்டன் செட் இவ்வளவு, கிராங்க் கிரைண்டிங் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். ஆனால் துருப்பிடித்த பாடியைக் காட்டி டிங்கரிங் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். "பிரிச்சுப் பார்த்தாதான் சார் தெரியும்" என்பார். அவர் ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அவருக்கும் தெரியாது. ஆர்.சி. புக்கில் இருக்கிற சிக்கலும் இதே ரகம். காணாமல் போன கிரில், டெயில் லேம்ப், பீடிங் எல்லாமும் இதே ரகம். மென்பொருள் வேலையில் இருபது வருஷப் பழைய கோடைக் கையில் வாங்கியவர்களுக்கு இது புதுசில்லை. திரையில் ஓடுகிற டெமோ நன்றாகத்தான் இருக்கும்.

அதனால் தகரம் முதலில், காகிதம் இரண்டாவது, கிடைக்காத சாமான்கள் மூன்றாவது, இன்ஜின் கடைசி. நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர்.

எல்லா வண்டிக்கும் சேர்த்துப் பேசினால் எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவில் 1964-இல் 'ஃபியட் 1100 டிலைட்' என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கிய கார். எழுபதுகளின் நடுவில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அடுத்துப் பிரீமியர் பத்மினி ஆனது. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி. நம் ஊரில் பெயர் எத்தனை மாறினாலும் கடைசி வரை அது 'ஃபியட்' தான்.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸ் கிடையாது. லாரிக்கு இருப்பது மாதிரி அடியில் ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி என்ற ஏற்பாடு இல்லை. மெல்லிய தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டி, பெட்டி பெட்டியாகச் சேர்த்து அந்தக் கூடே எல்லாப் பாரத்தையும் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். மோனோகாக் என்று பெயர். ஃபியட் 1953-இல் இத்தாலியில் கொண்டுவந்த 1100 மாடலிலேயே இந்த அமைப்பு வந்துவிட்டது. அம்பாசிடரும் இப்படித்தான். அதன் கனத்தைப் பார்த்து அடியில் சேஸ் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அதிகம்; இல்லை.

இதில் கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிற பெட்டி ஒன்று உண்டு. பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். வெளிநாட்டு மேனுவல்களில் சில். நாம் கால் வைத்து ஏறுகிற இடம் என்று நினைப்போம். உண்மையில் அது வண்டியின் முதுகெலும்பு மாதிரி. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

ஒரு ஏ4 தாளை எடுத்துக் குழல் மாதிரி சுருட்டுங்கள். ஓரத்தை ஒட்ட வேண்டாம். இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பே இருக்காது. இப்போது அந்த ஓரத்தை நீளம் முழுக்க செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டுத் திருகுங்கள். அதே தாள், அதே கனம். ஆனால் விறைத்துக்கொண்டு நிற்கும். மூடிய குழலுக்கும் கீறிய குழலுக்கும் முறுக்கு விறைப்பில் இருக்கிற வித்தியாசம் இதுதான். கணக்கில் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். 100 மி.மீ. பக்கமுள்ள சதுரக் குழல், 1 மி.மீ. தகடு என்று வைத்துக்கொண்டால், மூடியிருக்கும்போது உள்ள முறுக்கு விறைப்பு, நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தபின் இருப்பதைப்போல 7,500 மடங்கு. காரில் அந்தப் பெட்டி தனியாக நிற்பதில்லை, தரை, தூண், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து பிடித்திருக்கின்றன. அதனால் மொத்த வண்டியும் அப்படித் தொய்ந்துவிடாது. ஆனால் எந்தத் திசையில் போகும் என்பதை அந்த எண் காட்டிவிடுகிறது.

இனி துரு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெட்டியின் உள்பக்கம் பெயின்ட் சரியாகப் போய்ச் சேராது. கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர், சக்கரம் வாரியடிக்கும் சேறு, கடலோர ஊரானால் உப்புக் காற்று எல்லாம் உள்ளே போய் அடிமட்டத்தில் தங்கும். அங்கேதான் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய அடித்தையல் ஓடுகிறது. அந்த இடுக்கில் ஈரம் காயவே காயாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும் பொருள். அதனால் இடுக்குக்குள்ளேயே ஊதி, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிளந்துவிடும். அதாவது செலோ டேப் ஒட்டிய அதே இடத்தில் பிரிகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். துரு வெளியே குமிழியாகத் தெரிகிற நாளில் உள்ளே வேலை பல வருஷமாக நடந்திருக்கிறது என்று பொருள்.

பார்க்கும் முறைக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், வண்டி காய்ந்திருக்க வேண்டும். இப்போதுதான் கழுவிய வண்டியில் எல்லாப் பெயின்டும் அழகுதான். முதல் கருவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சாதாரணக் காந்தம். மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டின் கீழ் ஓரம், சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, டிக்கித் தரை ஆகிய இடங்களில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கிற சக்திவாய்ந்த நியோடைமியம் காந்தத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது இரண்டு மில்லிமீட்டர் பட்டிக்கு அப்பால் இருக்கிற தகரத்தையும் இழுத்துப் பிடித்து நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். இந்த வேலைக்கு வலுவில்லாத காந்தம்தான் நல்ல காந்தம்.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி வாங்கலாம். கம்பெனியில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஐம்பது வருஷ வண்டி ஒன்றிரண்டு முறையாவது ரீபெயின்ட் ஆகியிருக்கும், எனவே 300, 400 என்று காட்டினால் பதற வேண்டாம். வண்டி முழுக்க 300 காட்டிவிட்டு ஒரு சக்கர வளைவில் மட்டும் 1,500 காட்டினால் அங்கே நில்லுங்கள். கருவி எண்ணே காட்டவில்லை என்றால் அங்கே இரும்பே இல்லை. ஃபைபர் ஒட்டுப் போட்டிருக்கலாம்.

அடுத்தது மேட். ரப்பர் மேட்டையும் அதன் அடியில் இருக்கும் ஃபெல்ட்டையும் தூக்கிப் பார்க்காமல் ஃபியட் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. ஓட்டுநர் கால் வைக்கும் இடம், பின் சீட்டுக்கு அடியில், தரை ரன்னிங் போர்டோடு சேரும் மூலை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று பேசும். போன தகரம் 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும். பழைய தரையை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகடு வைத்து அடிப்பது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். அந்த இரண்டு தகட்டுக்கு நடுவில் இன்னொரு இடுக்கு உருவாகிறது, அங்கே மறுபடி துரு. தரை வழக்கத்தைவிடத் தடிமனாக, ஓரத்தில் திட்டுத் திட்டாக வெல்டிங் தெரிந்தால் இதுதான் விஷயம்.

கீழே குனிந்து, முடிந்தால் பள்ளம் உள்ள பட்டறையில் ஏற்றி, முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் நீளப் பெட்டிகள், பின் பட்டை ஸ்பிரிங் பாடியோடு சேரும் கொக்கிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள் மூன்றையும் பாருங்கள். இவை போனால் அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புக் கோட்டிங் அடித்து வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். விற்பதற்கு முந்தின வாரம் யாரும் வண்டியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டு அதை அடிப்பதில்லை.

கடைசியாகக் கதவுச் சோதனை. நான்கு கதவுகளையும் திறந்து மூடி, இடைவெளி எப்படி இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இடைவெளி ஒரே சீராக இல்லையே என்று குறை சொல்லாதீர்கள். புதுசிலேயே ஃபியட்டும் அம்பாசிடரும் அந்த விஷயத்தில் ஏனோதானோதான். நாம் தேடுவது மாற்றத்தை. ஒரு பக்கத்தை, தாங்கக்கூடிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்னால் சுலபமாக மூடிய கதவு இப்போது தூணில் இடிக்கிறதா? தாழ்ப்பாள் பொருந்த மறுக்கிறதா? அப்படியென்றால் பெட்டி திறந்துவிட்டது, கூடு வளைகிறது. ஜாக்கி வைத்த இடமே 'கரகர'வென்று உள்ளே போனால் அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. தூக்கிய வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்டு இல்லாமல்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த இடங்களெல்லாம் ஃபியட்டுக்கு. வண்டி மாறினால் இடம் மாறும். நம் சென்னையில், வண்டலூர் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. அதில் ரன்னிங் போர்டு வெறும் போல்ட் போட்டு மாட்டிய மூடி. ஓட்டையாக இருந்தாலும் கழற்றி மாற்றிவிடலாம். அங்கே பார்க்க வேண்டியது சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் பின் சஸ்பென்ஷன் சேரும் பகுதியையும். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் எங்கே தட்டிப் பார்ப்பது என்பது தானே வந்துவிடும்.

சரி, காகிதம்.

தகரமாவது காசைக் கொட்டினால் திரும்பி வரும். காகிதம் கெட்டால் சில சமயம் வராது. ஃபியட்டுக்குத் தனிச் சேஸ் இல்லை என்றேன், ஆனால் ஆர்.சி.யில் சேஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் பாடியிலேயே அடித்திருப்பார்கள். துருவுக்காக அந்தத் தகட்டை யாராவது வெட்டி எறிந்திருந்தால் வண்டியின் அடையாளமும் குப்பைக்குப் போயிருக்கும். மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். எழுத்துகள் ஒரே அளவு, ஒரே ஆழமா? சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா? பிரிண்ட்டில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது.

இன்ஜின் நம்பர் பொருந்தாமல் இருப்பது பழைய வண்டிகளில் சகஜம். எண்பது, தொண்ணூறுகளில் பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பலர் ஏற்றவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், ஆளு இருக்கு" என்று சொல்வார்கள். அந்த ஆள் முதலில் பெயரை மாற்றிக் கொடுக்கட்டும், அதற்குப் பிறகு மீதிப் பணம்.

தனியார் கார்களுக்குப் பதிவு 15 வருஷம், அதற்குப் பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 1976 வண்டி என்றால் 1991-இல் தொடங்கி எத்தனை புதுப்பிப்பு நடந்திருக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் வந்து நிற்கும். கார் புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது; பிறகும் ஏறியிருக்கிறது. பார்க்கப் போகும் மாதத்தில் என்ன என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

1989 ஜூலைக்கு முந்தைய நம்பர் (எம்.டி., எம்.எஸ்., டி.எம். என்று தொடங்குபவை) என்றால் அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய லெட்ஜரிலேயே தங்கிவிட்ட வண்டிகள் உண்டு. வாகன் தளத்தில் நம்பர் போட்டால் ஒன்றும் வராது. அதை ஏற்றி முடிக்கும்வரை பெயர் மாற்றமும் நகராது.

இன்னும் இரண்டு பொறிகள். ஆர்.சி.யின் பின்பக்கத்தில் எச்.பி. என்று ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கலாம். கடனை 1983-லேயே அடைத்திருப்பார்கள், ஆனால் ரத்து செய்திருக்க மாட்டார்கள். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. படிவம் 35-இல் யார் கையெழுத்துப் போடுவது? மற்றொன்று, ஆர்.சி.யில் இருக்கிறவர் காலமாகி, விற்கிறவர் மகனாகவோ மருமகனாகவோ இருப்பது. அப்போது படிவம் 29, 30-இல் அப்பாவின் பழைய கையெழுத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். முறைப்படி படிவம் 31 போட்டு, வாரிசுச் சான்றிதழோடு, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு விற்கிறவர் பெயருக்கு முதலில் வரட்டும். நீங்கள் இரண்டு லட்சம் செலவழித்து வண்டியை மணப்பெண் மாதிரி ஆக்கிய பிறகு அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அப்பாவின் கார் மேல் பாசம் வரக்கூடும்.

"விண்டேஜ் நம்பர் வாங்கிடலாம் சார்" என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கார் பிரியர்கள் பேச்சில் விண்டேஜ் என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டி. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்தில், சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் விண்டேஜ். வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அடுத்த முறை 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய் வரலாம் என்று வாங்குகிறவருக்கு அது சரிப்படாது. டீசல் மாற்றிய வண்டிக்கு அந்த வாசலே அடைத்திருக்கிறது.

கிடைக்காத சாமான்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சென்னையில் புதுப்பேட்டையில் சுற்றினால் ஃபியட் பிஸ்டனோ கிளட்ச் பிளேட்டோ எப்படியும் கிடைத்துவிடும். டாக்சியாக ஓடிய வண்டி, இயந்திரச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுபதுகளின் டிலைட்டுக்கு உரிய கிரில், பாடி ஓரத்துப் பீடிங், எழுத்துச் சின்னம், மீட்டர் போர்டு, விளக்குக் கண்ணாடி ஆகியவை ஒன்று போனால் ஒன்றுதான். இன்ஜின் ஓடாத, ஆனால் எல்லாச் சாமானும் இருக்கிற வண்டியை, நன்றாக ஓடுகிற மொட்டை வண்டிக்கு மேலே நான் வைப்பேன். நண்பர்களில் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது பானட்டைத் திறக்கலாம். முதலில் வெளியே கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ரேடியேட்டர் மூடியில் எண்ணெய்ப் படலம், ஆயில் மூடியின் உள்பக்கம் பால்கோவா மாதிரி ஒரு பூச்சு, இரண்டும் ஹெட் கேஸ்கட் பக்கம் கைகாட்டும். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரெஷன் சோதனையில் நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டினால் போதும். ஒன்று மட்டும் தனித்துக் குறைந்தால் அதற்கான லேத் செலவை விலையில் கழியுங்கள். பயப்பட வேண்டாம், இது கணக்கு போடக்கூடிய குறை.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. ஃபியட்டின் ஹெட் அலுமினியம், அதில் வால்வு சீட் தனியாகப் பதித்தது, அதனால் பெரிய கவலை இல்லை. அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினுக்கு ஹெட் வார்ப்பிரும்பு, சீட் அதிலேயே கடைந்தது. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டே இருந்தால் சீட் தேயும். இப்போதைய தலைவலி எத்தனால். 2025-இல் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸை விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ, வாங்கிய அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூட்டின் மேல் சொட்டுகிற பெட்ரோலோடு விளையாடக் கூடாது.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். பழைய வண்டிகளில் ஒரே சுற்றுதான். ஒரு சக்கரத்தில் லீக் ஆனால் நான்கும் போச்சு. நிறுத்திய வண்டியில் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ வேறெங்கோ கசிகிறது, டெஸ்ட் டிரைவை ரத்து செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், புஷ் பக்கம். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பத்து வருஷப் பழைய டயர், ஓடாமலே செத்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது முதல் கியர் ஓடுகிற வண்டியில் 'கர்' என்று விழுந்தால் கவலைப்படாதீர்கள், அதற்கு சிங்க்ரோ கிடையாது. இரண்டாவது கியர் கத்தினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டதும் துள்ளி வெளியே வந்தாலோ கியர் பாக்ஸ் இறக்க வேண்டியிருக்கும். குறைந்தது இருபது நிமிஷமாவது, கொஞ்சம் டிராஃபிக்கும் இருக்கிற சாலையில் ஓட்டுங்கள். பிறகு ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, அணைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெயில் நேரத்தில் பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது இந்த வண்டிகளின் பழைய வியாதி. விற்கிறவர் பதறாமல் டிக்கியிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து பம்பின் மேல் போட்டால், அந்த வண்டியை உண்மையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.